வர வேண்டாம் சார்

மனித குலத்தை முன்னே இழுத்து வந்தது சக்கரம்; அந்தச் சக்கரத்தை முன்னே இழுத்துச் செல்வது தலைமை. எதிர்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கத் துணிந்தவன் பின்னால்தான் வரலாறு அணிவகுத்திருக்கிறது.

இதைக் கேப்டன் சனிக்கிழமை மாலை சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர், "கேப்டன், எக்ஸ்ட்ரா டியூப் இருக்கா? என்னோடதுல ரப்பரைவிட ஒட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று கேட்டிருந்தார்.

டியூப் இருந்தது. கேப்டனிடம் எல்லாம் இருந்தது. சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையில் டயர் கழற்றும் நெம்பிகள், ஒட்டுத்துணி, சங்கிலி அறுந்தால் இணைக்கும் கொக்கி, ஆறுகோணச் சாவிகள், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை என்று ஒரு குட்டிப் பணிமனையே குடியிருந்தது. குழுவில் யாருக்குக் காற்றுப் போனாலும் அவர் இறங்கி, கையுறையைக் கழற்றி, டயரின் உள்பக்கம் விரலால் தடவி, முள்ளைத் தேடிப் பிடித்து, உயர்த்திக் காட்டுவார். மற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள்.

கேப்டனுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இந்தப் பட்டம். மற்ற நாட்களில் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். அங்கே அவர் யாருக்கும் முன்னால் இருந்ததில்லை. லிஃப்ட் வந்தால் ஒதுங்கி நின்று எல்லோரையும் ஏற்றிவிட்டு, கதவு மூடியதும் படியேறுவார். அலுவலகக் குழுப் படங்களில் அவருடைய இடது காது மட்டும் பதிவாகியிருக்கிறது. மனைவியோடு கடைக்குப் போனாலும் அம்மாள் முன்னால், பை பின்னால். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதுதான், மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து, மெல்லிய டயர்கள் தார்ச்சாலையில் கிசுகிசுக்க, அவர் முன்னால் போவார். மற்றவர்கள் அவர் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு காலைப்பொழுதை வைத்துத்தான் மீதி வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முன்னால் போகிறவரின் வேலை, பின்னால் வருகிறவர்களின் கண்ணாக இருப்பது. கைச் சைகையில் கேப்டனுக்கு நம்பிக்கை கிடையாது. கை பிரேக்கில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் குரல். பள்ளம் வந்தால் "பள்ளம்", சந்திப்பு வந்தால் "வரலாம்" அல்லது "வர வேண்டாம்". இந்த அறிவிப்புகளை அவரே யோசித்து, அவரே எழுதி, அவரே ஒருமனதாக நிறைவேற்றியிருந்தார். குழுவின் நிலையான உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டரம்மா. மற்றவர் கட்டட வரைபடம் போடுகிறவர். சைக்கிளின் எடையைக் குறைப்பதற்காகத் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூட மாற்றியவர் என்பதால் அவருக்கு 'கிராம்' என்று பெயர். தன் வயிற்றைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது கிராமின் ஒரே நிபந்தனை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் அவருடைய அலுவலக மேலாளர் வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் அவர் கேப்டனைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே மொத்தப் பிரிவும் தட்டச்சை நிறுத்திவிட்டு, இடமாற்றம்தான் என்று முடிவு கட்டியது. உள்ளே மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் சைக்கிள் வாங்கிட்டேன். கார்பன். ஞாயித்துக்கிழமை உங்களோட வரேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"நான் எதையும் அரைகுறையா செய்யறதில்ல. டிரஸ்ஸும் வாங்கியாச்சு. அந்தப் பேட் வச்ச டவுசர் இருக்கு பாருங்க..." மேலாளர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். வெளியே எல்லோரும் அவசரமாகத் தட்டச்சைத் தொடங்கினார்கள். "அதுக்கு உள்ள ஜட்டி போடணுமா?"

சைக்கிள் உலகத்தில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. போடக் கூடாது. துணியும் துணியும் உரசினால் தோல் போய்விடும். கேப்டனுக்கு இது தெரியும். ஆனால் மண்டலத்துக்கே மேலாளராக இருப்பவரிடம், நேருக்கு நேர், ஜட்டி என்ற சொல்லைப் பயன்படுத்தி ஒரு வாக்கியத்தை எப்படி முடிப்பது?

"ஜட்டி வந்து... போட... சார்..." என்றார். அதற்குப் பிறகு ஒரு "வேண்டாம்" இருந்தது. அது அவர் மீசையைத் தாண்டி வரவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் மேலாளர்.

ஞாயிற்றுக்கிழமை மேலாளர் வந்தார். கிராம் அந்தக் கறுப்புச் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, அதை இறக்க மனமில்லாமல் அப்படியே நின்றார். டாக்டரம்மா, "கீழ வைங்க, குழந்தை அழப் போகுது" என்றார். கிளம்பினார்கள். கேப்டனுக்கு நேர் பின்னால் மேலாளர். அதுவரைக்கும் "பள்ளம்!" என்று ஒலித்துவந்த குரல் அன்றைக்கு "பள்ளம் சார்!" என்று ஒலித்தது.

"எங்களுக்கெல்லாம் பள்ளம் கிடையாதா கேப்டன்?" என்று பின்னாலிருந்து டாக்டரம்மா கத்தினார்.

"சாருக்குத் தனிப் பள்ளம். நாம பொதுப் பள்ளத்துல விழுவோம்" என்றார் கிராம்.

திங்கட்கிழமை மேலாளர் நாற்காலியின் ஓரத்தில், ஜன்னலுக்கு வெளியே எதையோ எட்டிப் பார்க்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். கேப்டனுக்குக் காரணம் புரிந்தது. கோப்புகளை மேஜையில் வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு நடந்ததுதான் வினை.

ஊருக்கு வெளியே மரக்கடை ஒன்று இருக்கிறது. அதன் நீள மதிலை ஒட்டி ஒரு நாற்சந்தி. மதில் முடிகிற இடத்துக்குப் போனால்தான் வலது பக்கச் சாலை தெரியும். கேப்டன் மதில் முனைக்கு வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் லாரி ஒன்று, தண்ணீரைச் சிந்திக்கொண்டு, வேகமாக வந்துகொண்டிருந்தது. கேப்டன் பிரேக்கைப் பிடித்து ஓரமாக ஒதுங்கினார். தலையைத் திருப்பிக் கூவினார்.

"சார், வர வேண்டாம் சார்!"

எதிர்காற்று பலமாக இருந்தது. மேலாளரின் காதில் விழுந்தது "சார், வர" மட்டும்தான். கேப்டன் ஓரமாக ஒதுங்கியதையும் அவர் பார்த்தார். லிஃப்டிலும், வாசல்களிலும், தாழ்வாரங்களிலும் இத்தனை வருடங்களாக இந்த மனிதர் தனக்காக ஒதுங்குவதைப் பார்த்துப் பழகியவர் அவர். தலையை லேசாக அசைத்து நன்றி தெரிவித்துவிட்டு, முந்திக்கொண்டு சந்திப்புக்குள் போய்விட்டார்.

லாரி கிறீச்சிட்டு நின்றது. லாரியின் முகப்புக்கும் மேலாளரின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. மேலாளருக்குப் பின்னால் வந்த டாக்டரம்மா சைக்கிளைச் சட்டென்று ஒடித்துத் திருப்பி, மரக்கடைக்காரர் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் முகம் குப்புறப் புதைந்தார். லாரி ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "பெரிய மனுஷங்கதானே, ஒருத்தருக்காவது கண்ணு வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

மேலாளர் கையுறையைச் சரிசெய்துகொண்டு, "நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றார்.

"ஆமா சார்" என்றார் கேப்டன். பிறகு, "இல்ல சார்" என்றார்.

"ஆமாவா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க கேப்டன்" என்றபடி டாக்டரம்மா மணலிலிருந்து எழுந்தார். "எனக்கு வாய் முழுக்க மணல். இல்லன்னா நானே சொல்லிடுவேன்."

அடி எதுவும் இல்லை. டாக்டரம்மாவின் சைக்கிளில் பின்பக்கம் கியர் தொங்குகிற சின்ன அலுமினியக் கொக்கி மட்டும் வளைந்திருந்தது. ஆனால் திரும்பி வரும்போது மேலாளர் கேப்டன் பக்கத்தில் வந்து, கோப்பில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிற அதே குரலில் சொன்னார்: "யாரையும் குத்தம் சொல்லல. ஆனா முன்னாடி போறவர் தெளிவா இருக்கணும். இனிமே நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி இருந்து எல்லாரையும் கவனிச்சுக்கங்க. அதுவும் பெரிய பொறுப்புதான்."

பின்னால் இருக்கும் பெரிய பொறுப்புகள் எப்படிப்பட்டவை என்று கேப்டனுக்கு அனுபவம் உண்டு. வாரத்தில் ஆறு நாளும் அதைத்தான் வகித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலிக்கு மெழுகு ஏற்ற உட்கார்ந்தார். எண்ணெய் விட்டால் மண் ஒட்டும். மெழுகில் ஊறவைத்தால் சங்கிலி சுத்தமாக ஓடும். அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் உண்டு. அது பழையதாகும் முன்பே அதற்கென்று ஆகிவிட்டது என்பது மனைவியின் வாதம். மெழுகு உருகிக்கொண்டிருக்க, நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் சரியாத்தான் சொன்னேன். 'வர வேண்டாம்'னு தெளிவா சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"வர வேண்டாம்!"

"வரவா? எங்க?"

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். மனைவி குழாயை மூடினார்.

"கிண்டல் பண்ணலங்க. நீங்க எதைச் சொன்னாலும் பாதிதான் கேக்கும். முதல் பாதி ஜோரா வரும். 'வேண்டாம்' வர்ற இடத்துல குரல் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிடும்."

"எப்ப அப்படி?"

"உங்க தம்பி வந்து வாஷிங் மெஷினைக் கேட்டாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துட்டுப் போக வேண்டாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அது இன்னும் அவர் வீட்லதான் ஓடிக்கிட்டிருக்கு."

கேப்டன் கிடுக்கியால் சங்கிலியைத் தூக்கி மெழுகில் இறக்கினார். குமிழிகள் வந்தன. இடுக்குகளில் இருந்த காற்று வெளியே வருகிறது என்று அர்த்தம். குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தபோது யோசித்தார். தமிழில் மறுப்பு கடைசியில் அல்லவா வருகிறது! 'வர' என்பதுவரை வருகிறவனும் ஒன்று, வராதவனும் ஒன்று. போட, கொடுக்க, எடுக்க, அனுப்ப, எல்லாமே சம்மதம்போலப் புறப்பட்டு, வாக்கியத்தின் வால்பக்கத்தில்தான் மனம் மாறுகின்றன. அந்த வாலை மரியாதை வந்து மென்றுவிட்டால் கேட்கிறவருக்கு மிஞ்சுவது முழுச் சம்மதம். அலுவலகத்தில் அவர் எழுதுகிற கடிதங்களும் அப்படித்தான்: தங்கள் விண்ணப்பம் கிடைத்தது, தங்கள் சேதத்துக்கு வருந்துகிறோம், தங்கள் ஆவணங்களைப் பரிசீலித்தோம் என்று நான்கு பத்தி நடந்து கடைசியில் நிராகரிப்பு. காகிதத்தில் காற்று அடிக்காது. அதனால் அங்கே பிழைத்தார்.

இத்தனை வருடங்களில் தான் வேண்டாம் என்று சொல்லி, கிடைத்தவை எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதில் மூன்று இடமாற்றங்களும் ஒரு நாய்க்குட்டியும் இருந்தன.

புதன்கிழமை மாலை டாக்டரம்மாவின் மருத்துவமனையில் கூடினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், பல் வரிசையின் பெரிய படத்துக்குக் கீழே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கேப்டன் வளைந்த கொக்கியை நிமிர்த்தினார். மேலாளரும் வந்திருந்தார். கேப்டன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். இனிமேல் "வர" என்ற பேச்சே கூடாது. முதல் எழுத்திலேயே வித்தியாசம் தெரிகிற மாதிரி இரண்டு சொற்கள்: நிற்கச் சொல்ல ஒன்று, வரச் சொல்ல ஒன்று.

"நல்ல யோசனை. 'நில்லுங்க', 'வாங்க'" என்றார் கிராம்.

"'ங்க' எதுக்கு? நீங்க 'நில்லு'ன்னு ஆரம்பிச்சு 'ங்க' போடறதுக்குள்ள நான் மணல்ல இருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "'நில்', 'வா'. முடிஞ்சுது."

"ஒரு 'ங்க' எவ்வளவு எடை இருக்கும்னு நினைக்கறீங்க? அதுல என்ன மிச்சம்?"

"பாட்டில் மூடியைவிட ஜாஸ்தி இருக்கும். நீங்கதானே எல்லாத்துலயும் குறைக்கச் சொல்றீங்க, இதுலயும் குறைங்க."

எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பெருந்தன்மையை முகத்தில் வரவழைத்தார். "ரோட்டுல நான் மேலாளர் கிடையாது. ரோட்டுல எல்லாரும் சமம். என்னை 'நில்'னு தாராளமா சொல்லலாம்" என்றார். பிறகு கேப்டன் பக்கம் திரும்பி, "இவரால முடியுமாங்கறதுதான் கேள்வி" என்றார்.

கேப்டன் சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"முடியும்... சார்" என்றார் கேப்டன்.

"அந்த 'சார்'தான் கேப்டன் பிரச்சினையே" என்றார் கிராம்.

டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார். வருகிற ஞாயிறு ஒரு வாய்ப்பு. அதே மரக்கடை, அதே நாற்சந்தி. வண்டி வந்தால் 'நில்', வராவிட்டால் 'வா'. இழுவை கூடாது, சார் கூடாது. சொல்லிவிட்டால் கேப்டன் முன்னாலேயே இருக்கலாம். வாய் வரவில்லையென்றால் அன்றிலிருந்து மேலாளர் முன்னால். மேலாளர் தலையசைத்தார். அவர் அப்போதே ஒரு பின்பார்வைக் கண்ணாடி வாங்குவது பற்றி கிராமிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

மீதி வாரம் கேப்டன் பயிற்சி எடுத்தார். குளியலறையில் "நில்" நன்றாக வந்தது. மனைவி வெளியிலிருந்து, "தண்ணி நிக்கலயா?" என்று கேட்டார். அலுவலகத்துக்கு நடந்து போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போனார், ஒரு தடவை முணுமுணுப்பு தவறிச் சத்தமாகிவிட, ஸ்கூட்டரில் போன ஒரு பெண்மணி சட்டென்று நிறுத்தி, "என்னங்க, ஸ்டாண்ட் எடுக்கலயா?" என்று குனிந்து பார்த்தார். கேப்டன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடியது. அவர் சொல்லி ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை.

கண்ணாடி அறைக்குப் போனால்தான் எல்லாம் கரைந்தது. மேலாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "இருங்க" என்பார். கேப்டன் நிற்பார். "சரி, போங்க" என்பார். போவார். கையெழுத்துப் போட்ட பேனா மூடியைத் தேடிக் குனிந்த அந்தத் தலையைப் பார்த்து மனசுக்குள் "நில்" என்று சொல்லிப் பார்த்தார். மனசுக்குள்ளேயே அது "நில்லுங்க சார்" என்றுதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிராம்கூடத் தன் புதிய பாட்டில் பிடியின் எடையைச் சொல்லவில்லை. மெழுகு ஏற்றிய சங்கிலி ஓசையில்லாமல் ஓடியது. கேப்டன் வழியெல்லாம் பள்ளங்களைச் சார் இல்லாமலே அறிவித்தார். ஆனால் பள்ளம் என்பது பெயர்ச்சொல், அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பரீட்சை இனிமேல்தான்.

மரக்கடையின் மதில் தொடங்கியது. அறுத்த மரத்தின் வாசனை வந்தது. பின்னால் மேலாளரின் சக்கரம் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டு வந்தது. விலை உயர்ந்த சக்கரங்கள் அப்படித்தான், மிதிக்காதபோதும் தங்கள் இருப்பைத் தெரிவித்துக்கொண்டே வரும். மதில் முனை நெருங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் தன் முன்சக்கரத்தையா, அல்லது மேலாளரின் பின்சக்கரத்தையா, இனி வாழ்நாள் முழுக்க எதைப் பார்த்து ஓட்டப்போகிறோம் என்பது முடிவாகிவிடும். கேப்டன் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"நில்!"

அது அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மரக்கடைக்குள் இரம்பம் ஓய்ந்தது. மதில் மேல் இருந்த புறாக்கள் கிளம்பின. பிரேக்குகள் ஒரே நேரத்தில் முனகின. டாக்டரம்மா நின்றார். கிராம் நின்றார். மேலாளர் நின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் பிரேக்கை இறுகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு நின்றார். கண்ணாடி அறைக்கு வெளியே கோப்போடு காத்திருக்கிறவர்களுக்கு எந்த முகம் இருக்குமோ அதே முகம் அவருக்கு வந்திருந்தது. அந்த முகத்தைக் கேப்டன் அறைக்குள் இருந்து பார்த்ததே இல்லை. அது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்போலிருக்கிறது.

கேப்டன் திரும்பி மறுபடியும் சாலையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"சபாஷ் கேப்டன்" என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் குறுக்குச் சாலை தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. கிராம் கழுத்தை நீட்டினார். மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஒருநாளும் பயன்படுத்தாத பணிவோடு கேட்டார்: "கேப்டன், பெரிய வண்டியா? போகலாமா?"

கேப்டன் திரும்பவில்லை.

"இரு" என்றார்.

சாலையில் எந்தப் பக்கமும் எந்த வண்டியும் வரவில்லை.